இரண்டு துடுப்பு, ஆயிரத்துச் சொச்சம் தீவு

வியட்நாமின் ஹாலோங் விரிகுடாவைப் பார்க்கப் போகிறவர்கள் அழகைத் தேடிப் போகிறார்கள். 2025 ஜூலைக்குப் பிறகு அச்சத்தையும் கொஞ்சம் சுமந்துகொண்டே படகேறுகிறார்கள்.

வியட்நாமின் 2,00,000 டாங் நோட்டைத் திருப்பிப் பார்த்தால் கடல் நடுவே ஒரு பாறை தெரியும். கால் முளைத்த தூபக்கால் மாதிரி. ஹாலோங் விரிகுடாவில் இருக்கும் ஒரு சின்னஞ்சிறு தீவு அது. பெயரும் தூபக்கால் தீவுதான். நம் கணக்கில் சுமார் எழுநூறு ரூபாய் பெறும் நோட்டு. ஆனால் அந்த விரிகுடா நாட்டுக்குச் சம்பாதித்துத் தரும் பணத்துக்கும் புகழுக்கும் அளவில்லை.

நாட்டின் வடகிழக்கு மூலையில், குவாங் நின் மாநிலத்தின் கரையோரம், 1,553 சதுர கிலோமீட்டரில் பரந்து கிடக்கிறது ஹாலோங். தில்லி யூனியன் பிரதேசத்தைவிடச் சற்றே பெரிய பரப்பு. அதில் 1,969 தீவுகள். கிட்டத்தட்ட எல்லாமே சுண்ணாம்புக் கல். செங்குத்தாக எழுந்து, தலையில் பசுமை சூடி, அடியில் கடல் அரித்த பள்ளத்தோடு இடுப்பு ஒடுங்கி நிற்கும் பாறைகள். பாதித் தீவுகளுக்கு இன்னும் பெயர்கூட இல்லை.

யுனெஸ்கோ 1994இல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அழகுக்காக ஒருமுறை. 2000இல் மறுபடியும், இம்முறை நிலவியல் மதிப்புக்காக. 2023இல் பக்கத்து ஹாய்போங் எல்லைக்குள் இருக்கும் காட் பா தீவுக்கூட்டத்தையும் சேர்த்துக்கொண்டது. இப்போது பட்டியலில் இருக்கும் பகுதிக்குள் மட்டும் 1,133 தீவுகள்.

அழகு சரி. ஆபத்து? 2025 ஜூலை 19 அன்று பிற்பகலில், 49 பேரோடு சென்ற சுற்றுலாப் படகு ஒன்று திடீர்ச் சூறையில் கவிழ்ந்தது. விபா புயல் வந்துகொண்டிருந்தது, ஆனால் இன்னும் கரையை எட்டவில்லை. அதற்கு முன்பே இடியும் ஆலங்கட்டி மழையுமாகச் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. 35க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் விடுமுறைக்கு வந்த வியட்நாமியக் குடும்பங்கள்.

அந்த ஆண்டு நவம்பர் கடைசியில் நானும் என் கணவரும் அதே விரிகுடாவில் ஓர் இரவு, இரண்டு பகல் பயணத்துக்குப் பதிவு செய்திருந்தோம். கல்யாணமாகி இருபது ஆண்டு நிறைவதைக் கொண்டாட. புனேயில் படிக்கும் மகள் தொலைபேசியில் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: “அம்மா, நீ என்ன வேணா பண்ணு. அப்பாவைக் கயாக்ல மட்டும் ஏத்தாதே.”

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. நான் காவிரிக்கரையில் வளர்ந்தவள். என் கணவர் தில்லி கரோல்பாகில் பிறந்து வளர்ந்த தமிழர். அவர் நெருங்கிப் பழகிய நீர்நிலை மொட்டை மாடித் தொட்டி ஒன்றுதான்.

டிராகன் துப்பிய முத்துகள்

ஹனாயிலிருந்து துவான் சாவ் படகுத்துறைக்கு விரைவுச் சாலையில் இரண்டரை மணி நேரம். வழியெங்கும் தொழிற்சாலைகள். நிலக்கரி நாட்டுக்குள் நுழைகிறோம் என்பது தூசியிலேயே தெரிந்துவிடும். வியட்நாமின் நிலக்கரியில் பெரும்பகுதி குவாங் நின்னில்தான் கிடைக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோண்டத் தொடங்கினார்கள், இன்னும் தோண்டி முடியவில்லை. உலகப் பாரம்பரியமும் சுரங்கமும் ஒரே கரையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் விசித்திரம் இது.

ஹாலோங் என்றால் ‘இறங்கி வரும் டிராகன்’. எதிரிக் கப்பல்கள் திரண்டு வந்தபோது விண்ணுலக அரசன் ஒரு தாய் டிராகனையும் அதன் குட்டிகளையும் அனுப்பினானாம். அவை துப்பிய முத்தும் மரகதமும் கடலில் விழுந்து பாறைகளாக முளைத்தன, எதிரிக் கப்பல்கள் மோதிச் சிதறின. போர் முடிந்தும் டிராகன்களுக்குத் திரும்பிப் போக மனம் வரவில்லை. தாய் இறங்கிய இடம் ஹாலோங். குட்டிகள் தாயை வணங்கிய இடம் பக்கத்தில் உள்ள பாய் து லோங் விரிகுடா.

நிலவியலாளர்கள் சொல்லும் கதையும் சளைத்ததல்ல. 30 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சிப்பி, பவளக் கழிவுகள் ஆயிரம் மீட்டருக்கும் அதிகத் தடிமனில் சுண்ணாம்புக் கல்லாக இறுகின. பிறகு நிலம் உயர்ந்தது. காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு விழும் மழைநீர் லேசான அமிலம். அது வெடிப்புகளில் இறங்கிக் கல்லைக் கரைத்துக்கொண்டே போனது. ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுகள் நடந்த வேலை இது. எஞ்சியவை கூம்புகளும் கோபுரங்களும். கடைசிப் பனியுகம் முடிந்து கடல் மட்டம் உயர்ந்தபோது பள்ளத்தாக்குகளில் தண்ணீர் நிறைந்தது. ஆக, இங்கே நாம் படகில் போவது மூழ்கிய ஒரு மலை நாட்டின் மேல்.

படகில் ஏறியதும் முதலில் நடந்தது விருந்தல்ல, பாடம். மிதவைச் சட்டையை எப்படிப் போடுவது, அறையின் ஜன்னலை எதனால் உடைப்பது, எந்தப் பக்கம் ஓடுவது என்று வழிகாட்டி இளைஞர் பதினைந்து நிமிடம் செய்து காட்டினார். ஜன்னல் அருகே சின்னச் சுத்தியல் தொங்கியது. விமானத்தில் பணிப்பெண் காட்டும்போது பேப்பர் படிக்கும் என் கணவர், இங்கே சுத்தியலை இரண்டு முறை எடுத்துப் பார்த்து மாட்டினார்.

முன்னால் யார், பின்னால் யார்?

பெரிய படகு போக முடியாத இடங்கள்தான் ஹாலோங்கின் உயிர். போ ஹோன் தீவில் லுவோன் குகை அப்படி ஓர் இடம். பெயர்தான் குகை. உண்மையில் அது மலையடிவாரத்தில் ஒரு தாழ்வான கல் வளைவு. அதற்குள் நுழைந்து மறுபுறம் வந்தால் நான்கு பக்கமும் செங்குத்துச் சுவர் சூழ்ந்த ஏரி. குகையின் கூரை இடிந்து விழுந்தும் கல் கரைந்தும் உண்டான கிணறு போன்ற இடம். கடலில் காற்று வீசினாலும் உள்ளே நீர் தெப்பக்குளமாக நிற்கும்.

உள்ளே போக இரண்டு வழி. உள்ளூர்ப் பெண்கள் துடுப்புப் போடும் மூங்கில் படகில் சாய்ந்து உட்காரலாம். அல்லது இருவர் அமரும் பிளாஸ்டிக் கயாக்கை நாமே ஓட்டலாம். மூங்கில் படகுக்கான வரிசையில்தான் என் கணவர் நின்றார். நான் கயாக் பக்கம் போனேன். திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே வந்து நிற்கிறார்.

“என்னங்க, அந்த வரிசையில நிக்கலையா?”

“நீ தனியா போறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? குழந்தைகிட்ட மட்டும் சொல்லாதே.”

மிதவைச் சட்டையின் வாரை வழிகாட்டி இழுத்து இறுக்கினார். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். சட்டை கழுத்துக்கு ஏறினால் வார் தளர்வு என்று அர்த்தம்.

இரட்டைக் கயாக்குக்கு ஓர் இலக்கணம் உண்டு. எடை கூடியவர் பின்னால். திசையைத் திருப்புவது அவர் வேலை. முன்னால் இருப்பவர் தாளம் போடுவார், பின்னவர் அந்தத் தாளத்தில் துடுப்பை இறக்க வேண்டும். முன்னவருக்குப் பின்னவர் என்ன செய்கிறார் என்று தெரியாது. பின்னவருக்கு முன்னால் இருக்கும் பாறை சரியாகத் தெரியாது. ஒருவரை ஒருவர் நம்பாமல் பத்தடி நகர முடியாது. ‘விவாகரத்துப் படகு’ என்று சுற்றுலாக்காரர்கள் கேலி செய்வது சும்மா இல்லை.

நீந்தத் தெரியாதவர் கையில் திசை, நீந்தத் தெரிந்தவள் கையில் தாளம் என்று அமைந்தது எங்களுக்கு. முதல் ஐந்து நிமிடம் துடுப்பும் துடுப்பும் மோதிக்கொண்டன. கயாக் வட்டமடித்தது. இரண்டு பாறைச் சுவர்களையும் தொட்டுப் பார்த்தது. “இடது, வலது”ன்னு சத்தமா சொல்லு என்றார். சொன்னேன். வளைவுக்குள் நுழைந்ததும் என் குரல் கல்லில் பட்டுத் திரும்பி வந்தது. தலைக்கு மேல் சிப்பிகள் ஒட்டிய கூரை. அதைத் தாண்டியதும் வெளிச்சம். நடு ஏரியில் துடுப்பை மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். பாறை விளிம்பில் குரங்குகள். எங்கோ நீர் சொட்டும் ஓசை. என் கணவர் நெடுநேரம் எதுவும் பேசவில்லை. திரும்பிப் பார்க்கலாமா என்றால் படகு ஆடும். “பயமா இருக்கா?” என்றேன். “இல்ல. நல்லா இருக்கு” என்றார். அவ்வளவுதான்.

அதிகம் தங்கக்கூடாது என்று வழிகாட்டி முன்பே சொல்லியிருந்தார். காரணம் ஓதம். தமிழகக் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறி இறங்கும், அதுவும் ஒரு மீட்டருக்குள். டோங்கின் வளைகுடாவில் ஒரு நாளைக்கு ஒரே ஏற்றம், ஒரே இறக்கம். ஆனால் வித்தியாசம் மூன்று, நான்கு மீட்டர்வரை போகும். நீர் ஏற ஏற வளைவின் வாய் சிறுத்துக்கொண்டே வரும்.

இந்த ஓதம் வியட்நாமின் சரித்திரத்தையே திருப்பிப் போட்டிருக்கிறது. விரிகுடாவின் மேற்கில் கடலைச் சேரும் பாக் டாங் ஆற்றில் 938இல் நிகோ கியென் என்ற தளபதி ஆற்றடியில் கூரிய மரக்கழிகளை நட்டார். நீர் ஏறியிருந்தபோது சீனக் கப்பல்களை உள்ளே இழுத்தார். நீர் வடிந்ததும் கப்பல்கள் கழிகளில் சிக்கின. ஆயிரம் ஆண்டுச் சீன ஆதிக்கம் அத்தோடு முடிந்தது. 1288இல் குப்ளாய் கானின் மங்கோலியக் கப்பற்படையை திரான் ஹுங் டாவ் அதே ஆற்றில், அதே தந்திரத்தால் ஒழித்தார். அந்தக் கழிகள் சில 1950களில் சேற்றிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டன. கழிகளைப் பதுக்கி வைத்த இடம் என்று ஹாலோங்கில் ஒரு குகையையே காட்டுகிறார்கள். அதன் பெயரும் மரக்கழிக் குகைதான்.

வீடு ஆடாததால் தூக்கம் இல்லை

கயாக்கை ஒப்படைத்துவிட்டு வரும்போது, மூங்கில் படகுப் பெண் ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். நாங்கள் சுவரில் மோதியதைப் பார்த்திருக்கிறார். ஐம்பது வயதிருக்கும். வழிகாட்டி வழியாகப் பேச்சு நீண்டது. பிறந்தது, மணமுடித்தது, இரண்டு பிள்ளை பெற்றது எல்லாம் இந்தத் தண்ணீரின் மேலே, குவா வான் என்ற மிதக்கும் கிராமத்தில்.

ஹாலோங்கின் பழைய சுற்றுலாப் புத்தகங்களில் பாறைகளுக்கு அடுத்தபடியாக இடம்பெற்றவை இந்த மிதக்கும் கிராமங்கள். பீப்பாய்கள் மேல் மரவீடு, வாசலில் நாய், பக்கத்தில் மீன் கூண்டு, மிதக்கும் பள்ளிக்கூடம். தலைமுறை தலைமுறையாக மீனவர்கள் இப்படி வாழ்ந்தார்கள். 2014இல் குவாங் நின் நிர்வாகம் முந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களைக் கரைக்குக் குடியேற்றியது. புயலுக்குப் பாதுகாப்பு, பிள்ளைகளுக்குப் படிப்பு, கடலில் கழிவு குறையும் என்பவை காரணங்கள். எதையும் பொய் என்று தள்ள முடியாது. 2024 செப்டம்பரில் யாகி புயல் இந்தக் கரையில் புகுந்து படகுகளையும் மீன் பண்ணைகளையும் துவம்சம் செய்தபோது, அந்த மரவீடுகள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எளிதில் ஊகிக்கக்கூடியது.

ஆனால் கரையில் மீன் கிடைக்காது. வலை வீசத் தெரிந்த கைக்கு வேறு தொழில் பழகவில்லை. பலர் திரும்பவும் விரிகுடாவுக்கே வேலைக்கு வந்துவிட்டார்கள், சுற்றுலாப் பயணிகளைத் துடுப்புப் போட்டுச் சுமக்க. காலையில் கரையிலிருந்து வந்து மாலையில் போகும் உத்தியோகம். “பேரன் பள்ளிக்கூடம் போறான், நல்லா எழுதறான். அது நல்லது” என்றார் அந்த அம்மாள். கொஞ்சம் நிறுத்தி, “முதல் மாசம் எனக்குத் தூக்கமே வரல. வீடு ஆடவே இல்லையே” என்றார். மொழிபெயர்ப்பில் நகைச்சுவை குறையவில்லை. வருத்தமும் குறையவில்லை.

இன்று பயணிகள் பார்க்கும் ஹாலோங் துடைத்து வைத்த காட்சி. 2012இல் சுற்றுலாப் படகுகள் வெள்ளை வண்ணம் பூச வேண்டும் என்று உத்தரவு வந்தது, பழைய பழுப்பு மரப்படகுகள் மறைந்தன. 2019 செப்டம்பரிலிருந்து படகுகளில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. எங்கள் அறையில் கண்ணாடிப் புட்டியில்தான் தண்ணீர். ஆனாலும் மீன், சிப்பிப் பண்ணைகளின் தெர்மோகோல் மிதவைகள் உடைந்து குருணையாகப் பாறை இடுக்குகளில் ஒதுங்குகின்றன. பண்ணைக்காரர்கள் உறுதியான பிளாஸ்டிக் மிதவைக்கு மாற வேண்டும் என்ற உத்தரவின்போது, 2023இல் சில மாதங்களில் அள்ளிய குப்பை மட்டும் 10,000 கன மீட்டர்.

இன்னொரு பழைய குடிமகனும் குறைந்துகொண்டே போயிருக்கிறான். காட் பா தீவின் பொன்தலை மந்தி. உலகில் வேறெங்கும் இல்லாத இனம். மருந்துக்காக வேட்டையாடியே தீர்த்துவிட்டார்கள். இன்று எஞ்சியிருப்பவை நூறுக்கும் குறைவு. லுவோனில் வாழைப்பழத்துக்குக் கை நீட்டும் குரங்குகள் வேறு இனம். அவற்றைப் பார்த்துவிட்டு மந்தியைப் பார்த்ததாகப் படம் எடுத்துக்கொள்கிறார்கள் பலர்.

ரத்தான காலை

மாலையில் டி டாப் தீவின் சுமார் 400 படிகள் ஏறினோம். பூமியை வலம்வந்த இரண்டாவது மனிதரான சோவியத் விண்வெளி வீரர் கெர்மன் டிட்டோவ் 1962இல் ஹோ சி மின்னோடு இங்கே வந்தார். அவர் நினைவாக வைத்த பெயர். உச்சியிலிருந்து பார்த்தால் வெள்ளைப் படகுகள் குளத்தில் விட்ட காகிதக் கப்பல்கள். இந்தத் தீவின் அருகேதான் 2011 பிப்ரவரியில், நங்கூரமிட்டிருந்த படகு ஒன்று விடியலுக்கு முன் மூழ்கி, தூங்கிக்கொண்டிருந்த 12 பேர் இறந்தார்கள். படிகளில் இறங்கும்போது அது என் நினைவுக்கு வந்தது. அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு இரண்டாவது கயாக் பயணம். என் கணவர்தான் முதல் ஆளாகச் சட்டை மாட்டி நின்றார். ஆறரைக்கு வடகிழக்கிலிருந்து குளிர்காற்று கிளம்பியது. பாறைகளுக்கு நடுவே தண்ணீர் சுருக்கம் விழுந்து கறுத்தது. வானம் என்னவோ தெளிவாகத்தான் இருந்தது. படகுத் தலைவர் வெளியே வந்து ஒரு நிமிடம் பார்த்தார், கையை ஆட்டி ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கயாக் கிடையாது. பதிலுக்கு சுங் சோட் குகையில் நடை.

சிலர் முணுமுணுத்தார்கள். பணம் கொடுத்திருக்கிறோம், இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், இதெல்லாம் ஒரு காற்றா? வழிகாட்டி யாரோடும் வாதாடவில்லை. “ஜூலையிலும் கொஞ்ச நேரம் முன்புவரை வானம் நன்றாகத்தான் இருந்தது” என்று மட்டும் சொன்னார். முணுமுணுப்பு நின்றது.

போகிறவர்களுக்கு

இந்தியர்களுக்கு மின் விசா உண்டு. தில்லி, கொல்கத்தா போன்ற நகரங்களிலிருந்து ஹனாய்க்கு நேரடி விமானம் இருக்கிறது. அக்டோபர், நவம்பர், பிறகு மார்ச் இறுதி முதல் ஏப்ரல்வரை நல்ல காலம். பிப்ரவரியில் மூடுபனியும் தூறலும். ஜூன் முதல் செப்டம்பர்வரை புயல் காலம். கட்டணம் குறைவாக இருப்பதற்குக் காரணம் அதுதான். சைவர்கள் ‘ஆன் சாய்’ என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஆனால் மீன்சாறு வியட்நாமியச் சமையலின் உப்பு மாதிரி, அதுவும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு லான் ஹாவும் பாய் து லோங்கும் ஹாலோங்கின் அமைதியான பங்காளிகள்.

படகைத் தேர்ந்தெடுக்கும்போது அறையின் படத்தைப் பார்த்து மயங்காமல் சில கேள்விகள் கேட்கலாம். வானிலை மோசமானால் பயணத்தை நிறுத்துவது யார், பணம் திரும்புமா? ஒவ்வொருவருக்கும் அளவான மிதவைச் சட்டை உண்டா, குழந்தைகளுக்கும் சேர்த்து? இரவில் விழித்திருந்து காவல் பார்ப்பவர் யார்? தெளிவான பதில் வராத இடத்தில் முன்பணம் கட்ட வேண்டாம். சட்டையைக் கூடத்தில் கழற்றி வைக்காமல், திறந்த தளத்தில் இருக்கும்போது போட்டே இருப்பது நல்லது. காற்று மாறினால் மூடிய அறைக்குள் ஓடக்கூடாது. கவிழும் படகில் அறைதான் பொறி.

திரும்பும் வழியில் விரிகுடாவின் பிரபலமான இரட்டைப் பாறைகளைக் கடந்தது படகு. சேவலும் பெட்டையும் என்று பெயர். ஒன்றையொன்று பார்த்தபடி, அலையில் கால் அரித்துக்கொண்டே நிற்கின்றன. எல்லாத் தம்பதிகளும் அங்கே படமெடுத்துக்கொண்டார்கள். நாங்களும்தான். என் கணவர் மட்டும் படத்தில் மிதவைச் சட்டையோடு இருக்கிறார். கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அவரும் கழற்றவில்லை.